கூடப் பிறந்தவர் என்றொரு கோடு

என் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தது ஜாதகமும் இல்லை, ஜாதியும் இல்லை. நானே உட்கார்ந்து செய்து, நானே ஒரு இணையதளத்தில் ஒட்டி வைத்த படம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சொல்வார்கள். நான் அதைக் கோடிங் எழுதி வைத்துக்கொண்டேன்.

ஹட்டனில் ஒரு துணிக்கடையின் மாடியில் எனக்கு ஒரு சின்ன அறை இருக்கிறது. கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் இணையதளம் செய்து கொடுப்பது என் தொழில். அக்கரப்பத்தனையில், தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் சிக்னல் வேண்டுமென்றால் போனைத் தூக்கிக்கொண்டு கோயில் மேடு வரை ஏற வேண்டும். அதனால் வாரநாளில் ஹட்டன், ஞாயிற்றுக்கிழமை வீடு. கீழே கடை வைத்திருப்பவர் முஸ்லிம். ஹட்டனில் எல்லோரும் கூப்பிடுவது போல நானும் அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவேன். மழை பிடித்து பஸ் ஓடாத நாட்களில் அவருடைய மனைவி மாடிக்குச் சோறு கொடுத்தனுப்புவார். அந்த மாடியும் அந்தச் சோறும் இல்லாவிட்டால் நான் இந்தத் தொழிலில் நிலைத்திருக்கவே மாட்டேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு கல்யாணக் கதையில் விட்டுப்போகும்.

எங்கள் தோட்டத்திலிருந்து கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்ட சிலர் சேர்ந்து, தோட்டத்துக்கென்று ஒரு இணையதளம் கேட்டார்கள். திருவிழாப் படங்கள், பள்ளிக்கூடச் செய்திகள் எல்லாம் இருக்க வேண்டும். முக்கியமாக ஒரு உறவுப் படம் வேண்டும். யாருக்கு யார் என்ன வேண்டும் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். சும்மா சுவரில் மாட்டுகிற படம் போதாது. விரலால் இழுத்தால் நகர வேண்டும். ஒரு முகத்தைத் தொட்டால் அவருடைய சொந்தபந்தம் அத்தனையும் விரிய வேண்டும்.

அப்படி மனிதர்களை வட்டமாகவும் உறவைக் கோடாகவும் காட்டும் வியூவர் ஒன்று ஏற்கெனவே இருந்தது. எங்கோ யாரோ செய்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தார்கள். அந்த முகம் தெரியாத மகராசன் நன்றாக இருக்கட்டும். அதை எங்கள் பக்கத்துக்குள் ஒரு ஜன்னல் வைப்பது மாதிரி பதித்துவிட்டால் வேலை முடிந்தது. சொல்வதற்கு ஒரு வரி, செய்வதற்குள் உயிர் போய்விட்டது. முதலில் பக்கம் பெரிதாக இருந்தாலும் வியூவர் தீப்பெட்டி அளவில் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றது. அதைப் பெரிதாக்கினால் தமிழ்ப் பெயர்களில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்து நின்றன. அதையும் சரி செய்தால் போனில் வேறு கூத்து. பக்கத்தைக் கீழே தள்ள நினைத்து விரல் வைத்தால் வியூவர் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு மொத்தக் குடும்பத்தையும் எங்கேயோ பறக்க விட்டுவிடும். கோயில் மேட்டில் வைத்து அம்மாவிடம் போனைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன்.

"என்னாடி இது, நம்ம சனத்தையெல்லாம் ஆத்துல வுட்ட மாதிரி ஓடுது" என்றாள்.

அம்மாவின் வாய்க்குப் பயந்தே அதைத் திருத்தினேன். ஒரு விரல் என்றால் பக்கம் நகரும், இரண்டு விரல் என்றால் படம் நகரும் என்று ஆக்கினேன். அவளும் ஒத்துக்கொண்டாள்.

விவரம் சேர்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் நானே லயம் லயமாகப் போனேன். அந்த வியூவருக்குத் தெரிந்தது இரண்டே உறவு. ஒன்று கல்யாணம், இன்னொன்று பிறப்பு, பெற்றவரானாலும் கூடப் பிறந்தவரானாலும். ஆகவே நானும் அப்பா அம்மா யார், கூடப் பிறந்தவர்கள் யார், யாரைக் கட்டியது, பிள்ளைகள் யார் என்று மட்டும் கேட்டேன். எங்கள் சனம் உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்து, கேட்காத கதையையும் சேர்த்துச் சொன்னார்கள். ஒரு வீட்டில்கூட என்னை வாசலில் நிற்க வைத்துப் பேசவில்லை.

எங்கள் வீட்டில் அப்பாவிடமும் கேட்டேன். அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்கிறவர். பேச்சு குறைவு.

"ஒங்க கூடப் பொறந்தவங்கப்பா?"

"அண்ணன்தான். வேற யாரு?"

பக்கத்துக் காம்பிராவில் இருந்த பெரியப்பாவைத்தான் சொன்னார். லயத்து அறையைக் காம்பிரா என்போம். எங்கள் காம்பிராவுக்கும் பெரியப்பாவுடைய காம்பிராவுக்கும் நடுவே ஒரு சுவர்தான். பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. என்னைத் தோளில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் வரை இறக்கிவிட்டு வந்தவர் அவர். நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துபோய்விட்டார். அவருடைய பதிவுப் பெயரையும் அவருடைய அப்பா அம்மா பெயரையும் அப்பா சொல்ல, பெற்றவர்களுக்குத் தனி வட்டம் போடாமல் பெரியப்பாவின் குறிப்பில் எழுதி, கோயில் மேட்டுக்குப் போய்ப் படத்தையும் ஏற்றினேன். பெரியப்பாவின் முகம் ஒரு வட்டத்துக்குள் வந்து அப்பாவின் வட்டத்தோடு கோட்டால் சேர்ந்தபோது, அப்பா என் போனை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி என் விஷயம். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலுக்கு இணையதளம் செய்யப் போனபோது, அங்கே வரவேற்பில் நின்றவரைப் பிடித்துப்போனது. அவருக்கும் என்னைப் பிடித்தது. என் கோபத்தைப் பார்த்த பிறகும் பிடித்தது என்பதால்தான் நான் நம்பினேன். அவருடைய அப்பா நுவரெலியா மார்க்கெட்டில் மூட்டை தூக்கி, மெல்ல மெல்ல மரக்கறி மொத்த வியாபாரத்துக்கு வந்தவர். அவரும் என் அப்பாவைப் போலத்தான், வாயைத் திறக்க மாட்டார். அவருக்கும் சேர்த்து மாப்பிள்ளையின் அம்மாதான் பேசுவார். பெண் பார்க்க வந்தார்கள், பிடித்தது என்றார்கள், பரிசம் போட நாளும் பார்த்தாயிற்று.

என்னைக் குஷிப்படுத்த நினைத்து, நான் கட்டிக்கொள்ளப் போகிறவர் தன் குடும்ப விவரத்தையும் இணையதளத்தில் ஏற்றினார். அவருடைய அப்பா சின்ன வயதில் ஏதோ சண்டையில் வீட்டை விட்டு ஓடியவர், பிறந்த தோட்டத்தைப் பற்றிப் பேசவே மாட்டார். கேட்டுக் கேட்டுத்தான் அண்ணன் ஒருவர் இருந்தார் என்று தெரிந்ததாம். அந்த அண்ணனின் பெயரையும் பெற்றவர்கள் பெயரையும் போட்டார்.

ஒரே ஆள் இரண்டு தடவை பதிவாவது நிறைய நடந்தது. அதற்காக, பெயரும் பெற்றோரும் பொருந்தினால் 'இருவரும் ஒரே ஆளா?' என்று கேட்கும்படி செய்து வைத்திருந்தேன். ஒரு மத்தியானம் மாடியில் உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டே, பெயரைக்கூடப் படிக்காமல் ஆம், ஆம் என்று அழுத்திக்கொண்டு போனேன். முடிந்ததும் வியூவரில் புதிதாகச் சேர்த்திருந்த ஒரு வித்தையைப் பார்க்க ஆசை வந்தது. இரண்டு முகத்தைத் தொட்டால், அவர்களுக்கு நடுவே இருக்கும் கோடுகள் சிவந்து, என்ன முறை என்று எழுத்தில் வரும். வேறு யார் முகத்தைத் தொடுவேன்? என் முகத்தையும் அவர் முகத்தையும் தொட்டேன். 'உறவு இல்லை' என்று வரும், அதைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பிக் கிண்டல் செய்யலாம் என்று நினைத்தேன்.

கோடுகள் சிவந்தன. அவர், அவருடைய அப்பா, என் பெரியப்பா, என் அப்பா, நான். கீழே 'அண்ணன் தங்கை முறை' என்று வந்தது.

முதலில் கோடிங்கில் பிழை என்றுதான் நினைத்தேன். வரி வரியாகப் பார்த்தேன். வேறு ஆட்களை வைத்துப் பார்த்தேன், எல்லாம் சரியாக வந்தது. என் கோடிங்கில் ஒரு பிழைகூட இல்லையே என்று வாழ்க்கையில் முதல் தடவையாக அழுதேன். என் அப்பாவும் அவருடைய அப்பாவும் ஒருவருக்கொருவர் அண்ணன் தம்பி என்றால், நாங்கள் இரண்டு பேரும் அண்ணன் தங்கச்சி. எங்கள் சனத்தில் இதற்கு மேல் பேச ஒன்றும் கிடையாது.

அவருக்குப் போன் போட்டேன்.

"அழிச்சிரு. யாரு பாக்கப் போறா?" என்றார்.

யார் பார்ப்பார்கள் என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. அவருடைய அம்மாவே கூப்பிட்டார்.

"என்னாம்மா இது, படத்துல ஒன்னையும் அவனையும் அண்ணன் தங்கச்சின்னு காட்டுது? பக்கத்து வீட்டுக்காரி போனக் கொண்டாந்து காட்டிட்டுப் போறா. எங்க வீட்டுக்காரரு அதப் பாத்ததுலருந்து வாயே தொறக்கல. இந்த மூஞ்சிய நான் எங்க கொண்டு வச்சுக்கிறது? ஞாயித்துக்கெழம வாறோம், வீட்டுல சொல்லு."

திட்டினார் என்று சொல்ல மாட்டேன். போனிலேயே 'வேணாம்' என்று முடித்திருக்கலாம். வீட்டுக்கு வந்து பேசுகிறேன் என்றார் பாருங்கள், அதற்கே அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கினேன். கல்லாவில் இருந்த நானா ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டார். அடக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஒரு சேலையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"தங்கச்சி, வந்த நாள்லருந்து என்ன நானாண்டுதானே கூப்புடுறீங்க. அந்தப் படத்துல என்னயும் போட்டா, எனக்கும் ஒங்களுக்கும் ஒரே வாப்பாண்டு காட்டுமா?"

கடையில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லயத்தில் நான் சித்தப்பா, மாமா, அக்கா என்று கூப்பிடுகிறவர்களில் எத்தனை பேர் எங்களுக்கு ரத்த சொந்தம்? பக்கத்துக் காம்பிராக்காரர் என்பதாலேயே அண்ணன், ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர் என்பதாலேயே அக்கா. நான் பேனாவும் போனுமாகப் போய்க் கூடப் பிறந்தவர் யார் என்று கேட்டால், எங்கள் சனம் யாரைச் சொல்லும் என்று நான் யோசிக்கவே இல்லை. மேலே ஓடிப்போய் அம்மாவைக் கூப்பிட்டேன். நல்லவேளை, கோயில் மேட்டில்தான் இருந்தாள்.

"அம்மா, பெரியப்பா அப்பாவுக்குக் கூடப் பொறந்தவரா?"

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு, "அத ஒங்கப்பாகிட்ட கேட்டுறாத" என்றாள்.

அப்பாவைப் பெற்றவர்கள் அவர் விவரம் தெரியாத வயதிலேயே அடுத்தடுத்துப் போய்விட்டார்களாம். பக்கத்துக் காம்பிராவில் அப்போதுதான் வேறு தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய புதுக் கல்யாண ஜோடி. அந்த மனுஷன், அதுதான் பெரியப்பா, வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, பையன் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். மகன் என்று சொல்ல அவருக்கு வயது போதவில்லை. என் தம்பி என்று சொல்லி, தன் அப்பா அம்மா பெயரையே கொடுத்துவிட்டார்.

"அவருக்கு ஒரு தம்பி இருந்து, கோவிச்சுக்கிட்டு ஓடிட்டானாம். வந்த நாள்லருந்து ஒங்கப்பாவத்தான் தம்பின்னு கூப்பிட்டாரு. லயத்துல பெரியவங்க எல்லாருக்கும் தெரியும். இதப் போயி யாரு பேசிக்கிட்டிருப்பா?"

எனக்குக் கல்யாணம் நடக்க ஒரு வழி கிடைத்துவிட்டது. அந்த ஒரு கோட்டை அழித்தால் போதும். ஆனால் அழித்தால், அப்பாவின் வட்டம் அந்தப் படத்தில் தனியாக நிற்கும். அப்பாவுக்கு மேலே ஒன்றும் கிடையாது, பக்கத்திலும் யாரும் கிடையாது. நாங்கள் மட்டும் கீழே தொங்கிக்கொண்டிருப்போம். எனக்கு நான் விரும்பியவரும் வேண்டும், என் அப்பாவுக்கு அண்ணனும் வேண்டும். இரண்டையும் எப்படிக் கேட்பது, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அந்த வாரம் முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். அவர் என்னைப் பார்க்காமல் கதவோரம் நின்றுகொண்டார். அவருடைய அப்பா பெண் பார்க்க வந்த அன்று உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தார், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். யாரும் எடுக்கவில்லை. என் மாமியார்தான், அன்றைக்கு இன்னும் மாமியார் ஆகாதவர், பேச்சைத் தொடங்கினார்.

"நமக்கு ஒன்னும் வெறுப்பில்லீங்க. புள்ள தங்கமான புள்ள. ஆனா முறை தப்பிப்போச்சுன்னா நாலு பேரு நாக்குல நம்ம புள்ளைங்கதான கெடக்கும்?"

அப்பா எழுந்தார். அம்மா அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கிறாள் என்பது அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது.

"முறை தப்பலீங்க. அவரு எனக்குக் கூடப் பொறந்த அண்ணன் இல்லீங்க" என்றார். "தாயில்லாப் புள்ளன்னு தூக்கி வளத்தாரு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்ற சொல்லில் அவர் குரல் உடைந்தது. நான் பிறந்ததிலிருந்து அப்பா அழுது பார்த்தது பெரியப்பா போன அன்று மட்டும்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "பாப்பா, அந்தக் கோட்ட எல்லாரு முன்னாலயும் அழிச்சுக் காட்டிரு" என்றார்.

லேப்டாப்பில் படத்தை இறக்கிக் கொண்டு வந்திருந்தேன். மேசையில் வைத்துத் திறந்தேன். பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் இருந்த கோட்டைத் தொட்டதும், 'இந்த உறவை நீக்கவா?' என்று கேட்டது. அந்தக் கேள்வியை எழுதியதும் நான்தான். அப்பா சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். 

"இருங்கம்மா" என்றது ஒரு குரல். மாப்பிள்ளையின் அப்பா முதல் தடவையாக நிமிர்ந்தார்.

"மார்க்கெட்டுல ஒருத்தர் சொல்லித்தான் அண்ணன் செத்ததே எனக்குத் தெரியும். எந்தத் தோட்டம்னுகூட அவருக்குச் சரியா சொல்லத் தெரியல. அக்கரப்பத்தனப் பக்கம்னாரு. காரியமெல்லாம் யாரு செஞ்சான்னு கேட்டேன். தம்பி மொட்ட போட்டு, கொள்ளிக்குடம் ஒடச்சு நல்லபடியா செஞ்சாருன்னு சொன்னாரு. தம்பி நான் இங்க நிக்கிறேனே, அது யாருன்னு நெனச்சேன். போயிப் பாக்க மூஞ்சி இல்ல."

திரையில் இருந்த அண்ணன் முகத்தையே பார்த்தார். அவர் கடைசியாகப் பார்த்தது இளந்தாரியை. படத்தில் இருந்ததோ நரைத்த மனுஷன்.

"கூடப் பொறந்தது நான். கூட இருந்தது இவரு. ஒரு கோட்ட அழிக்கத்தான் வேணும்னா என் கோட்ட அழிங்கம்மா. அப்பவும் ஒங்க ரெண்டு பேருக்கும் முறை சரியாத்தான் வரும்."

அவர் சொன்னது கணக்கின்படி சரி. எந்தக் கோடு அறுந்தாலும் எங்களுக்குள் உறவு இல்லை என்றுதான் வியூவர் சொல்லும். இத்தனை நாள் அந்தப் படத்தோடு மல்லுக்கட்டிய எனக்கு அது தோன்றவே இல்லை. நான் 'வேண்டாம்' என்பதை அழுத்தினேன். இரண்டு கோட்டையும் நான் அழிக்க மாட்டேன் என்றும், வளர்த்த உறவுக்கென்று தனியாக ஒரு கோடு போடுகிற மாதிரி வியூவரையே மாற்றுகிறேன் என்றும் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னதால் யாருக்கும் சரியாகப் புரிந்திருக்காது. அவர் மட்டும் கதவோரத்திலிருந்து தலையாட்டினார்.

 அவருடைய அப்பா என் அப்பாவின் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"கடைசில என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாருங்களா?"

அப்பா சொன்னார்.

"படுத்துட்டாரு, கண்ணு தெரியல. தம்பி வந்துட்டானா, தம்பி வந்துட்டானான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. இந்தா பக்கத்துலதாண்ணே இருக்கேன்னு கையப் புடிச்சுக்கிட்டு நானும் சொல்லிக்கிட்டே இருந்தேன்." சொல்லிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். "ஒங்களத்தாங்க கேட்டிருக்காரு. எனக்கு இன்னைக்கித்தான் வெளங்குது."

அந்தப் பெரிய மனிதர், மூட்டை தூக்கித் தேறிய உடம்பு, எழுந்து வந்து என் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி" என்றார்.  அப்பாவும் கையை விடவில்லை.

மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு அதட்டல் போட்டார்.

"நல்லா இருக்கு கதை. தம்பின்னு கூப்பிட்டு மறுபடியும் மொதல்லருந்து ஆரம்பிக்காதீங்க. தாலி ஏறுற வரைக்கும் அவரு ஒங்களுக்குச் சம்பந்தி."

முதலில் அம்மா சிரித்தாள், பிறகு எல்லோரும். ஆறிப்போன தேத்தண்ணியை அப்படியே எடுத்துக் குடித்தார்கள். பரிசம் குறித்த நாளில் நடந்தது. நானா குடும்பத்தோடு வந்திருந்தார். என் மாமனார் நாள் முழுக்க என் அப்பாவைச் சம்பந்தி, சம்பந்தி என்று சத்தமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கல்யாணம் முடிந்து நாங்கள் அவர்கள் வீட்டுக்குள் கால் வைத்த அன்று சாயங்காலம், யாரும் இல்லையென்று நினைத்து மாமனார் போனில், "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.